கன்னத்தில் விழுந்த கை

"வள்ளத்தை எடுக்காதேங்கோ! சார்ஜன், நில்லுங்கோ!"

டொக்டர் பரராசசிங்கம் ஆஸ்பத்திரிப் படலையைத் தள்ளிக்கொண்டு இறங்குதுறையை நோக்கி ஓடினார். ஒரு காற்செருப்பு மணலில் புதைந்து பின்தங்கிவிட்டது. குனிந்து எடுக்க நேரமில்லை. மோட்டர் வள்ளத்தின் எஞ்சின் இருமத் தொடங்கிவிட்டது. கையில் விலங்கோடு அதற்குள் உட்கார்ந்திருந்தான் சில்வெஸ்ரர், பக்கத்துத் தீவான எழுவைதீவிலிருந்து வந்த மீனவன். டொக்டரை அடித்த குற்றத்துக்காக அவனை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே நீதவான். அதற்குப் பிறகு சிறை மறியல்.

சில்வெஸ்ரர் அடிக்கவில்லை. அது டொக்டருக்குத் தெரியும். அந்தக் கிழமை ஏழு நாளும் தெரிந்துகொண்டேதான் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

எழுபத்து மூன்றாம் ஆண்டுச் சோழகக் காற்றுக் காலம். பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற சனம், வரிசையைக் குலைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கத் துறைக்கு வந்திருந்தது.

"இந்தா வாறார், திருப்பி அடிக்க!" என்றாள் மீன் விற்க ஓலைக் கடகத்தோடு நின்ற எமிலி. "அவன்ரை கையிலை விலங்கு கிடக்கு, டொக்குத்தர் ஐயா. பயப்பிடாமல் அடிக்கலாம்."

கொல்லென்று சிரித்தார்கள். கூட்டத்தில் ஒருவன் வெயிலுக்குக் கண்ணை மறைக்கக் கையைத் தூக்கினான். அவ்வளவுதான். டொக்டரின் கழுத்து வெடுக்கென்று திரும்பியது. முழங்கை முகத்தை மறைத்தது.

சிரிப்பு பட்டென்று நின்றுவிட்டது. அவர்கள் சிரித்திருந்தாலே பரவாயில்லை என்று அவருக்குப் பட்டது.

கன்னத்து வீக்கம் எப்போதோ வற்றிவிட்டது. கழுத்துத்தான் சொற்கேட்க மறுத்தது. மருந்தெடுக்க வருகிறவர்களைக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருக்கச் சொன்னார். மேசையைக் குறுக்கே இழுத்துப் போட்டார். நேற்று ஒரு கிழவர் நெஞ்சு நோகிற இடத்தைக் காட்டக் கையை உயர்த்த, டொக்டர் கதிரையோடு பின்னால் சரிந்தார். நாடி பிடிப்பதைக்கூட அற்றென்டன் தம்புவிடம் விட்டாயிற்று.

இந்தத் தம்புதான் முதலில் பிழையாக விளங்கிக்கொண்டவன். அன்று அடி விழுந்த சத்தம் கேட்டு வார்ட்டுக்குள் ஓடிவந்தான். டொக்டரின் கண்ணாடி நிலத்தில் கிடந்தது. பிள்ளைப்பேற்றுக்கு வந்த கத்தரீனா கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் சில்வெஸ்ரர்.

"டேய்! டொக்டரிலையோ கை வைச்சனீ?" என்று பிடரியைப் பிடித்தான் தம்பு.

சில்வெஸ்ரர் கட்டிலில் கிடந்தவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "ஓம், நான்தான்" என்றான்.

டொக்டர் கண்ணாடியைத் தேடுகிறவர்போலக் குனிந்தபடியே இருந்தார். கண்ணாடி காலடியில்தான் கிடந்தது.

"என்ன டொக்டர், வழக்கை விடச் சொல்லவோ வந்தனீங்கள்?" பொலிஸ் சார்ஜன் கனகசபை வள்ளத்திலிருந்தே கேட்டார். "அது ஏலாது. அரசாங்க உத்தியோகத்தரை அடிச்சிருக்கிறான். நீங்கள் மன்னிச்சாலும் சட்டம் விடாது."

"மன்னிக்க வரேல்லை. இவர் என்னை அடிக்கேல்லை."

"ஆளே ஒத்துக்கொண்டிட்டான்."

"பொய் சொல்லுறார்."

சில்வெஸ்ரர் எழுந்தான். வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஐயா, உங்கடை காலைப் பிடிக்கிறன். பேசாமல் போங்கோ. நான் ஆம்பிளை, மறியலிலை கிடந்திட்டு வருவன்."

"அப்ப ஆர் அடிச்சது?" என்றார் சார்ஜன்.

டொக்டரிடம் சாட்டு ஒன்று தயாராக இருந்தது. இன்னொருவரின் பெயர் கெட்டுவிடும், அதனால் சொல்ல ஏலாது. ஒவ்வொரு நாளும் அதையே தனக்குச் சொல்லிச் சொல்லித்தான் அவர் சோறு தின்றார். ஆனால் உண்மைக் காரணம் அதுவல்ல. எமிலி சிரிப்பாள். ஊர்காவற்றுறைத் தேத்தண்ணிக் கடைகளில் சிரிப்பார்கள். வேலணையில் பெண் கொடுத்த மாமனார் வீட்டில், அடுப்படிக் குசினிக்குள் போய்ச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒரு மனிதனின் கையில் விலங்கு ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றவர் அவர்.

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ," என்றார். "எல்லாருக்கும் கேக்கவேணும்."

எஞ்சின் நின்றது. எமிலி கடகத்தை இறக்கி வைத்தாள்.

"வேண்டாம், ஐயா..." சில்வெஸ்ரர் விலங்கோடு கைகளைக் கூப்பினான்.

"அடிச்சது கத்தரீனா. இவரின்ரை மனிசி."

யாரும் சிரிக்கவில்லை. டொக்டர் நிறுத்தவுமில்லை.

"எழுவைதீவிலையிருந்து சோழகத்துக்கு எதிராப் பகல் முழுக்க வள்ளத்திலை தண்டு வலிச்சு வந்து சேர்ந்தவை. பிள்ளை செத்துத்தான் பிறந்தது. அதைத் துணியிலை சுத்தி அங்காலை வைச்சுப்போட்டு, அவவின்ரை முகத்தைப் பாத்து நான் கேட்டனான்: 'வேளைக்கு வர உனக்கென்ன பஞ்சியோ, சோம்பலோ?'"