சம்பந்தத்தின் தனி ஆல்பம்

பாரிவாக்கம் அடுக்ககத்தின் விழாக் கூடத்தில் சம்பந்தத்தின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டே கல்யாணக் கச்சேரிகளில் சாக்ஸபோன் வாசித்தவர் அவர். சொந்தமாக இரண்டு கேசட் போட்டார். உயிரோடு இருந்தவரை அவற்றை யாரும் சீண்டவில்லை. அந்த அடுக்ககத்தில் குடியிருக்கும் திருமுருகன் என்ற ஐ.டி. ஊழியன் எங்கோ பழைய குவியலில் அவற்றைக் கண்டெடுத்து யூடியூபில் ஏற்றினான். கேட்டவர்கள் கிறங்கிப் போனார்கள். இன்று புதுப் பதிப்பு வெளியீடு.

மண்ணூர்பேட்டையிலிருந்து ஜமீலா பஸ் மாறி வந்திருந்தாள். சம்பந்தத்தின் குழுவில் பாடியவள். இரண்டு கேசட்டிலும் சாக்ஸபோனோடு வார்த்தையில்லாமல் இழைந்து வரும் குரல் அவளுடையது. உறையில் அவள் பெயர் இல்லை. இப்போதாவது சொல்வார்கள் என்று நல்ல புடவையாக உடுத்தி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பாட்டு ஒலித்தது. அவள் நுழையும் இடம் வந்தது. அவளையறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்தாள். சாக்ஸபோன் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அடுத்த பாட்டிலும் அப்படித்தான். கூட்டம் கைதட்டியபோது பக்கத்தில் இருந்தவர் தன்னைப் பார்க்கவும் அவளும் தட்டினாள்.

முடிந்ததும் திருமுருகனைப் பிடித்தாள்.

"தம்பி, இதுல நானும் பாடிகீறேன். என் கொரலு எங்க?"

அவன் முகம் மலர்ந்தது. "அது நீங்கதானாம்மா? யாரோ ஒரு அம்மா நடுவுல பூந்து கெடுக்கிறாங்கன்னு நிறைய பேர் கமெண்ட் போட்டாங்க. அதான் ஏ.ஐ. வச்சு உங்க குரலைப் பிரிச்சு எடுத்துட்டேன். எவ்ளோ சுத்தமா வந்திருக்கு பாத்தீங்களா?"

சம்பந்தத்தின் மகள் ரேகா அருகில் வந்தாள். சின்ன வயதில் கச்சேரிகளின்போது ஜமீலா மடியில் தூங்கியவள்.

"ஆன்ட்டி, இது அப்பாவோட தனி ஆல்பம். தனின்னா தனிதானே? சாப்ட்டுட்டுப் போங்க."

ஜமீலா நகரவில்லை. "எடுத்தியே தம்பி, அத்த இன்னா பண்ண? கடாசிட்டியா?"

"இருக்கும்மா. வாட்ஸப்ல அனுப்பட்டுமா?"

மறுநாள் சமையலறையில் மருமகள் அதைப் போனில் போட்டாள். எந்த வாத்தியமும் இல்லாமல் ஜமீலாவின் குரல் வந்தது. பிசிறே இல்லை. "சூப்பரா கீது மாமி," என்று மருமகள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். ஜமீலாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

கடைசிப் பாட்டில் அவள் குரல் அடங்கியபின், இத்தனை வருஷம் இசைக்கு அடியில் அமுங்கிக் கிடந்த ஓர் ஆண்குரல் மெல்லக் கேட்டது. தன் வாசிப்பை முன்பே பதிந்துவிட்டிருந்த சம்பந்தம், அணைக்காமல் விட்ட மைக் பக்கத்தில் ஒலிப்பதிவாளர் பாபுவிடம் பேசிக்கொண்டிருந்தார். அவள் அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாடும் அறையில் நின்றிருப்பாள்.

"பாபு, இத்த இப்போதிக்கு வச்சிக்கோ. இது போனதும் நல்ல கொரலா ஒண்ணு புடிச்சு மாத்திக்கலாம். கூப்ட்டா ஓடியாந்துரும், அதான் இட்டாந்தேன்."

பாபு சிரிப்பதும் கேட்டது.

"யாரு மாமி அது?"

"தெர்ல," என்றாள் ஜமீலா.

அந்த வாரத்திலேயே திருமுருகன் போன் செய்தான். குரலில் அப்படியொரு துள்ளல்.

"அம்மா, அந்த ஃபைலோட கடைசியில சம்பந்தம் சார் பேசுறார்! அவர் பேசி நமக்குக் கிடைச்சிருக்கிறது இது ஒண்ணுதான். அந்த இடத்தை மட்டும் வெட்டி யூடியூப்ல போட்டுட்டேன். முன்னாடி உங்க குரலும் கொஞ்சம் வருது. சந்தோஷம்தானே?"

ஜமீலா போனை மருமகளிடம் கொடுத்தாள். அவள் தேடி எடுத்து, கீழே எழுதியிருந்ததை வாசித்தாள். மேதை என்றால் இப்படித்தான் இருப்பார், தரத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டார் என்று ஒருவர். அந்த அம்மாவைப் பற்றி அன்றைக்கே சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று இன்னொருவர். அதற்கடியில் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக இருந்தன. மருமகள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எம் பேரு போட்டுகீறாங்களா, பாரு."

அவள் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "எங்கியும் இல்ல மாமி."

"நல்லதாப் போச்சு," என்றாள் ஜமீலா.