கரையில் வைத்த பரீட்சை

மும்பையின் காடிகளில் கயாக் படகு ஓட்டுவது எப்படி என்று இங்கிலீஷில் ஒரு புத்தகம் இருக்கிறது. எழுதியவன் நான். அட்டையில் பூநாரைக் கூட்டம், அதன் கீழே தௌசீப் என்று என் பெயர். மாட்டுங்காவில் ஒரு கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் குடியிருக்கும் சீத்தா கேம்பில் அதை ஒருவரும் படித்ததில்லை. எங்கள் சந்தில் என் உத்தியோகத்தைப் பற்றிய பேச்சு இவ்வளவுதான்: "நம்ம தௌசீப் இருக்காம்லா, அவன் சாக்கடையில படகு ஓட்டுததுக்குப் பெரிய பெரிய ஆளுக துட்டு குடுக்காங்க." சாக்கடை இல்லை, கடல்தான் உள்ளே வந்து போகிறது, அதற்குப் பெயர் காடி என்று சண்டை போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது.

புத்தகத்தில் கொட்டை எழுத்தில் அச்சான வரி ஒன்றே ஒன்று. கவிழ்ந்தால் படகை விடாதே. ஆள் களைத்துப் போவான், கயாக் களைக்காது. தண்ணீரில் ஒரு கறுப்புத் தலையைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம், மஞ்சள் படகு தூரத்திலிருந்தே தெரியும்.

சும்மா சொன்னால் யார் கேட்கிறார்கள்? வருகிறவர்களுக்குப் பாதிப் புத்தி செல்ஃபியில், மீதி நாரையில். அதற்காக நான் ஒரு பரீட்சை வைத்திருந்தேன். கரையோரம் முழங்கால் தண்ணீரில் எல்லோரும் அவரவர் படகின் ஓரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். துடுப்பைத் தூக்கு, படகைத் திருப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவேன். நடுவில் திடீரென்று உயிர் போகிற குரலில், "படகை விடு! விட்டுட்டு எங்கிட்ட வா!" என்று அலறுவேன். பயந்துபோய் விட்டவர் ஃபெயில். கூட்டமே சிரிக்கும். விடாமல் நிற்பவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் பாஸ். அத்தனை பேர் முன்னால் ஒருமுறை அசடு வழிந்தவர் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். இந்தப் பரீட்சையும் புத்தகத்தில் இருக்கிறது. பயிற்சியாளரே விடச் சொன்னாலும் விடாதே என்று எழுதிவிட்டு, என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களில் சுரேந்திரனும் விஜயராணியும் மட்டும் தமிழ் ஆட்கள். திலக் நகரில் வீடு, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி அதிக நாளில்லை. சுரேந்திரன் பேங்கில் ஆபீசர், என் புத்தகத்தை வரிக்கு வரி கோடு போட்டுப் படித்தவன். எனக்கு அப்படி ஒரு வாசகன் கிடைத்ததே இல்லை, உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தியில் பரீட்சை முடிந்ததும், "எங்களுக்கு மட்டும் தமிழ்ல ஒரு தடவ வைங்க பாய்" என்று அவன்தான் கேட்டான். வைத்தேன். நான் அலறிய அலறலில் விஜயராணி இரண்டு கையையும் விட்டுவிட்டு என் பக்கம் ஓடிவந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுரேந்திரன் கயிற்றை விடாமல் நின்று, கட்டைவிரலைத் தூக்கினான். "இவரப் பாத்துக் கத்துக்கிடுங்க தங்கச்சி" என்று நான் வேறு சொன்னேன்.

நாரைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. வடிகிற நேரத்தில் காடி மொத்தமும் கடலைப் பார்த்து இழுக்கும். வழியில் ஓரிடத்தில் கோலி மீனவர்கள் வலை கட்டுவதற்காக வரிசையாகக் கம்பு நட்டிருப்பார்கள். நான் எப்போதும் அதை விட்டு ஒதுங்கியேதான் கூட்டிப்போவேன். அன்று பார்த்துப் பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தது. கடைசியில் சுரேந்திரனும் விஜயராணியும் சேர்ந்து வந்த படகு கவிழ்ந்தது. சொல்லிக்கொடுத்த மாதிரியே இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தபடியே கம்புகளைப் பார்த்துப் போனார்கள்.

படகை விட்டே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அதுதான். கம்புக்கும் படகுக்கும் நடுவில் ஆள் மாட்டினால், பின்னால் வருகிற தண்ணீர் முழுவதும் படகை அவன் மேல் வைத்து அழுத்தும். பத்துப் பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது. எனக்கு இது தெரியும். கரையில் சொன்னால் ஜனங்கள் குழம்பிவிடுவார்கள் என்று சொல்வதில்லை.

முன்னால் இருந்த நான் திரும்பி, துடுப்பு முறிகிற வேகத்தில் போட்டுக்கொண்டே கத்தினேன். அந்த நேரத்தில் இந்தி எங்கே வருகிறது? "படகை விடுங்க! ரெண்டு பேரும் விட்டுட்டு எங்கிட்ட வாங்க!" விஜயராணி உடனே விட்டாள். அடித்துப் பிடித்து நீந்தி என் படகின் மூக்கைப் பற்றினாள். சுரேந்திரன் என்னைப் பார்த்தான். பார்த்துச் சிரித்தான். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

"நெசமாத்தான் சொல்லுதேன், விடுங்க!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் படகு கம்பில் போய் மோதிவிட்டது. நான் கிட்டே போய் இழுத்தேன், கத்தினேன், படகைக் குத்தினேன். அசையவில்லை. தண்ணீர் நன்றாக வடிந்த பிறகு கோலிக்காரர்கள்தான் அவனை எடுத்தார்கள். கயிற்றிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

மறுநாளே நான் வேலை பார்க்கும் கயாக் கம்பெனியின் முதலாளி மகேஷ்குமார் என்னைச் செம்பூர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த மனிதர், எதற்கும் குரலை உயர்த்த மாட்டார்.

"தௌசீப், நீ புதுசா ஒண்ணும் யோசிக்க வேண்டாம். போலீஸ் கேட்டா, புக்ல இருக்கறதையே சொல்லு. படகைப் பிடிச்சுக்கோங்கோன்னு கத்தினேன், அந்தப் பொண்ணு பயந்துபோய் விட்டுட்டா, பேலன்ஸ் போயிடுத்து. அவ்வளவுதான். உன் பேர் போட்ட புக்கு. நீயே அதுக்கு எதிரா கத்தினேன்னா யார் நம்புவா?"

"நான் விடத்தான் சொன்னேன் சார்."

"கூட வந்தவா யாருக்காவது தமிழ் தெரியுமா?"

தெரியாது. நான் என்னவோ கத்தினேன் என்று மட்டும்தான் அவர்கள் சொல்லியிருந்தார்கள். என்ன கத்தினேன் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். அதில் ஒருவன் போய்விட்டான்.

வீட்டில் என் மனைவி நூர் நிஷாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை. "மொதலாளி சொல்லுதமாரி சொல்லிட்டு வாங்க. நீங்க உள்ள போய்ட்டா எனக்கும் பிள்ளைக்கும் யாரு இருக்கா? செத்தவரு திரும்பி வரப்போறாராக்கும்?" அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எனக்கு அவள் மேல் அப்படிக் கோபம் வந்தது.

ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள், துட்டி கேட்கத் திலக் நகர் போனேன். போகக்கூடாது என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். என் படகில் வந்த ஆள் செத்திருக்கிறான், துட்டிக்குப் போகாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

சின்ன வீடு, ஹால் நிறைய ஆட்கள். சுரேந்திரனின் அப்பா நம்பிராஜன் மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் போட்டோவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். அடுப்படி வாசலை ஒட்டித் தரையில் விஜயராணி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி மட்டும் இடம் காலியாகக் கிடந்தது. அவ்வளவு நெருக்கடியிலும் ஒருவரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

"வாங்க பாய்" என்றார் நம்பிராஜன். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இவ சொல்லுதா, நீங்கதான் விடச் சொன்னியளாம். உங்க மொதலாளி போன்ல சொல்லுதாரு, பிடிச்சுக்கிடுங்கன்னுதான் கத்துனீங்கன்னு. எது நெசம்?"

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "புருசன் தண்ணியில கெடக்கும்போது கைய விட்டுட்டு வந்துட்டு, இப்ப பாய் மேல பழியப் போடுதா."

விஜயராணி தலையைத் தூக்கவில்லை.

"நாந்தான் அண்ணாச்சி விடச் சொன்னேன்" என்றேன். "ரெண்டு பேரையுந்தான் சொன்னேன். விட்டதுனாலதான் இந்தத் தங்கச்சி பொழச்சா."

நம்பிராஜன் என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப எம் மவன் காதுல விழலையா?"

காற்றில் கேட்டிருக்காது என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது. காதில் விழுந்தது என்றேன். பிறகு ஏன் விடவில்லை என்று கேட்டார். கரையில் வைத்த பரீட்சையைச் சொன்னேன். தமிழில் ஒரு தடவை வைக்கச் சொல்லி அவன் கேட்டதையும், நான் அலறியதையும், அவன் பாஸானதையும், அதே அலறலைத் தண்ணீரில் கேட்டு அவன் சிரித்ததையும் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

நம்பிராஜன் மெதுவாக, "வெளாட்டுன்னு நெனச்சுட்டானா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"இத நாளைக்குப் போலீஸ்ல சொல்லாதீங்க பாய்."

எனக்குப் புரியவில்லை.

"படிச்ச பய. பேங்க்ல ஆபீசரு. வெளாட்டுன்னு நெனச்சு, பல்லக் காட்டிட்டே செத்தான்னு நாலு பேரு பேசணுமா? உங்க மொதலாளி சொன்ன மாரியே சொல்லிருங்க. பிடிச்சுக்கிடச் சொன்னீங்க, அவன் பிடிச்சிருந்தான். சொன்ன சொல்லு கேட்டவன்னு போகட்டும். உங்களுக்கும் அதுதான் நல்லது."

"அப்ப இந்தத் தங்கச்சி?"

"அவ உசுரோட இருக்காள்லா" என்றார் நம்பிராஜன். "பேச்சு வாங்கிட்டுப் போறா."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. மகனுக்கு மிச்சமிருப்பது ஒரு பேர், அதைக் காப்பாற்றுகிறார். அதற்காக உயிரோடு இருக்கிற ஒருத்தியைத் தூக்கிக் கொடுக்கிறார். நான் எழுந்து செருப்பைத் தேடினேன். இரண்டும் சரியாக என்னுடையதுதானா என்றுகூடப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

மாடிப்படியில் பின்னாலேயே விஜயராணி வந்துவிட்டாள். மேலேயிருந்து யாரோ அதட்டிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

"அண்ணே, எனக்கு முதுகு அந்தப் பக்கம் இருந்துச்சு. நான் பாக்கல. நெசமாவே சிரிச்சாரா?"

"சிரிச்சாரும்மா."

"பயந்துபோயி இல்லல்லா?"

"இல்ல. கம்புல மோதுத வரைக்கும் பயமே இல்ல."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்குக் காலையில எல்லாரும் என்னயப் பாத்துச் சிரிச்சாங்கள்லா. அப்ப எங்காதுல சொன்னாரு, ஒன்னய நம்பி ஒரு போட்டக்கூடக் குடுக்க முடியாதுன்னு. போட்டு கவுந்தப்பவும் நான் யோசிக்கவே இல்லண்ணே. நீங்க விடுன்னீங்க, விட்டுட்டேன். பரிட்சையெல்லாம் ஞாபகமே வரல. அவருக்கு வந்திருக்கு." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நாளைக்கு நீங்க மாத்திச் சொன்னீங்கன்னா, நான் சாகுத வரைக்கும் இந்த வீட்டுல கைய விட்டவதான்."

அவ்வளவுதான் சொன்னாள். கெஞ்சவில்லை. மேலே ஏறிப் போய்விட்டாள்.

வீடு திரும்ப மான்குர்த் போகிற ரயிலில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். மகேஷ்குமார் சொன்னபடி சொன்னால் எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். கம்பெனி, புத்தகம், நான், நூர் நிஷா, செத்துப்போன சுரேந்திரன்கூட. அவள் ஒருத்தியைத் தவிர. இத்தனைக்கும் அன்று தண்ணீரில் சரியாக ஒரு காரியம் செய்தவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனில் என் எதிரே உட்கார்ந்த இன்ஸ்பெக்டர் மராட்டிக்காரர். மேஜையில் என் புத்தகம் கிடந்தது. கொட்டை எழுத்து வரி உள்ள பக்கத்தில் ஒரு ரயில் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்தார். என்ன கத்தினாய் என்று இந்தியில் கேட்டார்.

"படகை விடச் சொன்னேன் சாப்."

அவர் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்கே விடாதே என்று இருக்கிறது. நீதானே எழுதினாய்? நன்றாக யோசித்துச் சொல். எழுதிவிட்டால் கேஸ் உன் மேல் வரும்."

"யோசித்துத்தான் சொல்கிறேன். இரண்டு பேரையும் விடச் சொன்னேன். அந்தப் பெண் நான் சொன்னபடி செய்தாள்."

எழுதினார். "அவன்?"

"கேட்டான் சாப். கேட்டுவிட்டுச் சிரித்தான்."

பேனா நின்றது. "சாகப்போகிறவன் சிரித்தானா? எதற்கு?"

"பாஸாகிவிட்டோம் என்று நினைத்தான்" என்றேன். "நான் வைத்த பரீட்சை, சாப். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."