எந்தக் காதில் எந்தக் குரல்

அக்காவின் பழைய மேசையில் இப்போது பிரிண்டர் உட்கார்ந்திருந்தது.

லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனம் அது. யாராவது லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினால், அழைப்பு அந்த மேசைக்குத்தான் வரும். பார்வை போனபின் நீண்ட விடுப்பு எடுத்துவிட்டு அக்கா திரும்பிப் போனபோது மேனேஜர் அன்பாகத்தான் பேசினார்.

"ஏம்மா சிரமப்படறீங்க? பழைய அழைப்புகளைக் கேட்டு மார்க் போடற வேலை இருக்கு. சம்பளம் அதேதான்."

"எனக்கு மனுஷங்களோட பேசணும் சார். டேப்போட இல்ல."

இழுத்துப் பிடித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் நேரடி அழைப்புகளை எடுக்கட்டும். சமாளித்தால் மேசை அவளுடையது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் எது வேண்டும் என்பதை அவளே சொல்லலாம்.

அதை நான் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இயற்பியல் படித்தவள் நான். ஆட்களிடம் பேசுவதைவிட எதையாவது சோதித்துப் பார்ப்பது எனக்கு எளிது.

வீட்டுக் கணினியில் மூன்றை ஏற்றினேன். அக்கா கேட்டுக் கேட்டுப் பெயர் வைத்தாள். கணினியோடு சும்மா வந்தது ஒவ்வொரு காற்புள்ளியையும் அடைப்புக்குறியையும் விடாமல் வாசித்தது, அது வாத்தியார். விலை அதிகமானது மூச்சு விட்டு, ஏற்ற இறக்கத்தோடு, பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசியது, அது மகாராணி. இலவசமாகக் கிடைத்ததற்கு டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கிய குரல். தகரம்.

அலுவலகத்தின் புகார்ப் படிவத்தை மூன்றிலும் ஓடவிட்டேன். கட்டட எண், மாடி, உள்ளே எத்தனை பேர், அருகில் இருக்கும் மெக்கானிக். வாத்தியார் பாதி வழியில் மூச்சிரைத்தார். படிவத்தின் அடியில் பெயரில்லாமல் படம் மட்டும் போட்ட ஒரு பொத்தான் இருந்தது. தகரம் அதை வெறும் "பொத்தான்" என்றது. மகாராணி படத்தைப் பார்த்து ஊகித்து "அனுப்பு" என்றாள். ஓரிடத்திலும் தவறவில்லை.

"சந்தேகமே இல்ல. மகாராணிதான்," என்றேன்.

"கேக்க இதமாத்தான் இருக்கு," என்றாள் அக்கா.

புதன்கிழமை மாலை ஒத்திகை. ஒரு காதில் தொலைபேசி, மறு காதில் மகாராணி. அத்தான் சமையலறையிலிருந்து கைபேசியில் அழைத்தார். அவருக்கு நடிக்கக் கிடைத்தால் விடமாட்டார்.

"ஐயோ, மாட்டிக்கிட்டேன்! இருட்டா இருக்கு! மூச்சு முட்டுது!"

"பதறாதீங்க சார், எந்தக் கட்டடம்?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். அதே நேரம் மகாராணியும் ஆரம்பித்தாள். அக்காவின் விரல்கள் நின்றன.

"கொஞ்சம் இருங்க, அவர் பேசி முடிக்கட்டும்," என்றாள் மரியாதையாக.

"யார்கிட்டம்மா சொல்றே? இங்க நான் ஒரு ஆள்தான் தொங்கிட்டிருக்கேன்!"

அக்காவும் சிரித்துவிட்டாள். இரண்டாவது தடவையும் அப்படியே ஆயிற்று. மூன்றாவதில் அத்தான் சொன்ன மாடிக்குப் பதில் மகாராணி வாசித்த எண்ணைத் தட்டினாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை இது நிஜ ஆளா இருக்கும்," என்றாள் அக்கா. காதுக் கருவிகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த மார்க் போடற வேலையே பரவாயில்லையோ என்னவோ."

அவள் தவறுகிறவள் இல்லை. மகாராணியும் தவறவில்லை. பிறகு எங்கே இடிக்கிறது? எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அவள் மடியிலிருந்து கருவிகளை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன்.

"அத்தான், இன்னொரு தடவை மாட்டிக்குங்க."

"வாங்க விஞ்ஞானி. இந்த வீட்ல எனக்கு விடுதலையே கிடையாதா?"

இரண்டு பேர் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரே நேரத்தில் என்னிடம் கதை சொன்னார்கள். மனம் தானாக ஒருவரிடம் போயிற்று. மற்றவர் காணாமல் போனார். மகாராணியை நிறுத்திவிட்டுத் தகரத்தை ஓடவிட்டேன். அத்தான் ஒரு மனிதராகத் தனியே நின்றார். தகரம் மின்விசிறிபோல் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது சொன்ன எண் மட்டும் மனதில் தங்கியது.

ஆய்வகத்தில் ஒரே நிறத்தில் இரண்டு விளக்குகளை அருகருகே வைத்தால் எந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. ஒன்றின்முன் சிவப்புக் கண்ணாடியைச் செருகினால் போதும். நான் மூன்றையும் சோதித்தது அமைதியான அறையில், எதிரே யாரும் பேசாதபோது. அக்காவின் வேலையில் அப்படி ஒரு நொடி கிடையாது.

"அக்கா, மகாராணி மனுஷி மாதிரியே பேசறா. அதான் தொல்லை. நீ அவளுக்கு மரியாதை குடுக்கறே."

அக்கா தகரத்தை மாட்டிக்கொண்டு வேகத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். எனக்கு அது வெறும் கரகரப்பு. அவள் தலையசைத்துக்கொண்டே தட்டினாள். அத்தான் மூன்று தடவை மாட்டி மூன்று தடவை மீட்கப்பட்டார்.

"அந்தப் பேரில்லாத பொத்தான்?" என்றாள்.

தகரத்தில் நாமே பெயர் எழுதிவைக்க வழி இருந்தது. "என்ன பேர் வைக்கட்டும்?"

"அமுக்கித் தொலைன்னு வை."

வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கணினியைச் சரிசெய்து கொடுக்க நானும் போயிருந்தேன். மூலையில் ஒரு தற்காலிக மேசை கொடுத்திருந்தார்கள். மேனேஜர் அக்காவுக்குப் பின்னால் கை கட்டி நின்றார். காலையில் வந்தவை சின்னச் சின்னப் புகார்கள். மதியத்துக்குப் பிறகு வந்த அழைப்பில் அக்காவின் குரல் தணிந்தது.

"அண்ணே, நான் இருக்கேன். சுவத்துல சாஞ்சு அப்படியே உக்காருங்க. கட்டடம் பேரைச் சொல்லுங்க." விரல்கள் ஓடின. "ஆமா, காத்து வரும், அதுக்குன்னு ஓட்டை வெச்சிருக்கு. எந்த மாடில ஏறினீங்க? மெக்கானிக் உங்க பின்தெருவுலதான் இருக்கார். அதுவரைக்கும் பேசிட்டே இருப்போம். ஓ, மருமகளைப் பாக்க வந்தீங்களா? அவங்களுக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?"

அவர் வெளியே வந்து நன்றி சொல்லும்வரை அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. மேனேஜர் குனிந்து படிவத்தை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். திருத்த ஒன்றுமில்லை. அவள் கழற்றி வைத்திருந்த இடக்காதுக் கருவியைத் தன் காதில் வைத்துப் பார்த்து, உடனே எடுத்துவிட்டார்.

"என்னம்மா இது? எந்த பாஷை?"

"தமிழ்தான் சார். கொஞ்சம் அவசரத் தமிழ்."

"நல்ல குரலா ஒண்ணு வாங்கித் தர்றேம்மா. செலவைப் பத்தி யோசிக்காதீங்க."

"வேண்டாம் சார். நல்ல குரலுக்குத்தான் ஃபோன்ல ஆள் இருக்காங்களே."

அவர் அக்காவின் பழைய மேசைப் பக்கம் திரும்பி, "யாருப்பா அங்க, அந்தப் பிரிண்டரைத் தூக்கி வேற எங்கயாவது வைங்க," என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது தொலைபேசி மணி அடித்தது. அக்கா கருவியை மாட்டிக்கொண்டு ஒரு விரலை உயர்த்தினாள். மேனேஜர் வாயை மூடிக்கொண்டார்.

என் பக்கமிருந்த காதிலிருந்து மெல்லிய கரகரப்புக் கசிந்தது. இரண்டு நாளில் எனக்கும் ஒரு வரி மட்டும் பிடிபட ஆரம்பித்திருந்தது. சற்று நேரத்தில் அது வந்தது.

"அமுக்கித் தொலை, பொத்தான்."