எந்தப் புத்தகத்துல இருக்கு?

மருந்துக்கடையில நாள் பூரா நின்னு, கால் வீங்கி வீட்டுக்கு வந்தா, சாப்பாட்டு மேசை மேல ரெண்டு பைபிள் விரிஞ்சு கிடக்குது. ஒண்ணு அம்மாவோடது, இன்னொண்ணு சித்தப்பாவோடது. எனக்குத் தட்டு வைக்கக்கூட இடமில்ல.

அம்மா கத்தோலிக்கம். அப்பாவும் அவர் தம்பியான இந்தச் சித்தப்பாவும் புராட்டஸ்டண்ட். அப்பா இருந்தவரைக்கும் ஞாயித்துக்கிழமை ஆளுக்கொரு கோயிலுக்குப் போயிட்டு வந்து ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். அவர் போய் நாளையோட ஒரு வருஷம். கல்லறையில அவருக்காக ஒரு செபம் சொல்லணும்னு அம்மாவுக்கு ஆசை. அவ்வளவுதான் விஷயம். அதுக்குத்தான் இந்தக் கூத்து!

சித்தப்பா கரண்ட் மீட்டர் கணக்கெடுக்கிறவர். கண்ணால பாக்காத எதையும் ஒத்துக்கமாட்டார்.

"செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு வேதத்துல எங்க இருக்கு, அண்ணி? காட்டுங்க."

"மக்கபேயர்ல இருக்கு, தம்பி. இதோ."

"என் பைபிள்ல அப்படி ஒரு புத்தகமே இல்லையே."

"உங்க ஆளுங்க எடுத்துட்டாங்க."

"உங்க ஆளுங்க சேத்துட்டாங்க."

அவர் பைபிள்ல அறுபத்தாறு புத்தகம், அம்மாவோடதுல எழுபத்துமூணு. எனக்கோ பசி உயிர் போகுது. "எது வேதம், எது இல்லன்னு முடிவு பண்ணினது யாரு?"ன்னு கேட்டுத் தொலைச்சேன்.

"திருச்சபை"ன்னாங்க அம்மா. காய்ச்சலுக்கு மாத்திரை போடக்கூட ஃபாதரைக் கேக்கிறவங்க, வேற என்ன சொல்லுவாங்க?

"வேதமே சாட்சி சொல்லுது"ன்னார் சித்தப்பா.

"எந்தப் பக்கத்துல, சித்தப்பா? அந்தப் பட்டியலைக் காட்டுங்களேன்."

"உனக்கு வாய் ரொம்ப நீளம்."

"போப்பே வேணாம்னுட்டு, இந்த வீட்டுக்கு நீங்களே போப்பாயிட்டீங்க!"

அம்மா பைபிளை மூடினாங்க. "முப்பது வருஷமா தினமும் அவருக்காக வேண்டினேன், தம்பி. செத்துட்டாருன்னா நிறுத்திடணுமா?"

மனுஷன் அதுக்கும் அசையல. "அது எங்க சபைக் கல்லறை, அண்ணி. நன்றி ஜெபம் மட்டும் நான் பண்றேன். நீங்க பேசாம நில்லுங்க."

அம்மா தலையாட்டிட்டாங்க. எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்தது.

மறுநாள் காலையில மூணு பேரும் கல்லறை முன்னாடி நின்னோம். சித்தப்பா கண்ணை மூடி, கணீர்னு ஆரம்பிச்சார். "கர்த்தாவே, அண்ணனுடைய ஜீவியத்துக்காக ஸ்தோத்திரம். நீர் அவருக்குத் தந்த குடும்பத்துக்காக ஸ்தோத்திரம்." அப்புறம் குனிஞ்சு கல்லறை மேல கையை வச்சார். "அண்ணனுக்கு இருட்டுன்னா பயம், ஆண்டவரே. சின்ன வயசுல என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கும். கூடவே இருந்து பாத்துக்கங்கப்பா."

சொல்லி முடிச்ச பிறகுதான் என்ன சொன்னோம்னு அவருக்கே உறைச்சுது. திருதிருன்னு முழிச்சார்.

"எந்தப் புத்தகத்துல இருக்கு, சித்தப்பா?" நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ராத்திரி முழுக்க அடக்கி வச்ச ஆத்திரமாச்சே! அம்மா என் கையை நறுக்குன்னு கிள்ளினாங்க. அப்புறம் சத்தமா "ஆமென்"னாங்க.

வெளிய வந்ததும் சித்தப்பா வாசல்ல நின்னு செருமினார். "அது ஜெபம் இல்ல, அண்ணி. சும்மா வாயில வந்துடுச்சு."

"தெரியும், தம்பி." அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "அடுத்த வாரமும் வாங்க. நானும் சும்மா ரெண்டு வார்த்தை சொல்றேன்."