தலைவரின் இடுப்பு

அந்தக் குடியிருப்பில் வாசல் வேலிக்கு இருந்தது ஒரே விதிதான். செடி எதுவானாலும் சரி, சங்கத் தலைவரின் இடுப்புக்கு மேல் வளரக் கூடாது. அடிக்கணக்கு, அங்குலக்கணக்கு எல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவர் தெருத்தெருவாக வருவார். வேலியை ஒட்டிப் போய் நிற்பார். அவருடைய பெல்ட்டைத் தாண்டிய கிளை அன்றைக்கே தரையில் கிடக்கும். இதற்கு 'பெல்ட் பார்ப்பது' என்று பெயர். ஒரு டேப் வாங்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அதுவரை வந்த தலைவர்கள் எல்லோரும் நெட்டையர்கள்.

இந்த வருடம் வந்தவர் குட்டை.

ஆளைக் குறை சொல்லிவிட முடியாது. எரியாத தெருவிளக்குகளை எரிய வைத்தவர். அடைத்துக் கிடந்த சாக்கடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கியவர். ஆனால் விதி என்று வந்துவிட்டால் பிடித்த பிடியை விடமாட்டார். அவர் பெல்ட் பார்த்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பக்கத்துத் தெருவில் இருந்த வேலிகள் எல்லாம் குற்றவாளிகள் ஆகிவிட்டன. பலர் சிரித்துக்கொண்டே வெட்டினார்கள். செடிதானே, வளர்ந்துவிடும்.

டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நகரப் பேருந்து ஓட்டுவதால் தெரு அவளுக்கு வைத்த பெயர் அது. அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர், ஆறடிக்கு மேல் உயரம். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கை தொங்கிப்போய், இடது கால் இழுத்துக்கொண்டு, முதுகு கூனிவிட்டது. வாசல் வேலியின் உள்பக்கம்தான் அவர் தினமும் நடந்து பழகும் இடம். மரக்கட்டையாக இறுகிய பழைய வேலி அது. வலது கையை அதன் மேல் ஊன்றி, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பார். தெருவில் போகிறவர்களுக்குத் தலையும் தோளும் மட்டுமே தெரியும். கேட்டுக்கு வெளியே அவர் காலே வைத்ததில்லை. தொங்கும் கையை நாலு பேர் பார்ப்பதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசும்.

குட்டைத் தலைவரின் இடுப்பு அப்பாவின் தொடைக்குத்தான் வரும். அந்த அளவுக்கு வெட்டினால் பிடிமானமும் போகும், மறைவும் போகும், நடையும் போகும்.

"அப்பா, காரணத்தைச் சொல்லி நம்ம வேலிய மட்டும் விடச் சொல்லிக் கேக்கட்டுமா?"

"என்ன காரணம்? உங்கப்பன் நொண்டின்னா?"

"அப்படிச் சொல்வேனா?"

"எப்படிச் சொன்னாலும் அதான் அர்த்தம். வெட்டட்டும் விடு. விதின்னா எல்லாருக்கும்தான்."

அப்படித்தான் சொல்வார். இந்தச் சங்கத்தின் முதல் தலைவரே அவர்தான். சொந்த மச்சினர் வீட்டு வேலியைத் தன் கையாலேயே வெட்டிவிட்டு, பிறகு அதே வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்த ஆள். இப்படி ஒரு மனிதரை அப்பாவாக வைத்துக்கொண்டு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்தத் தெருவின் முறை வந்தது. தலைவர், அவருக்குப் பின்னால் மின்கத்தரியோடு தோட்டக்காரர், வேடிக்கை பார்க்க எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா. தலைவர் வேலியை ஒட்டி நின்றார். அது அவர் நெஞ்சுக்கு வந்தது.

"ரொம்ப அதிகம்மா. இன்னிக்கே வெட்டிடலாம்."

கத்தரி உறுமத் தொடங்கியது. டிரைவரம்மா நகரவில்லை. குறுக்கே வந்த லாரியை முறைப்பதுபோல் அந்தக் கத்தரியை முறைத்தாள். காரணத்தைச் சொல்ல முடியாது, அப்பா வேண்டாமென்றுவிட்டார். வாயில் வந்ததைக் கேட்டுவிட்டாள்.

"தலைவர் இடுப்புன்னு எழுதினப்ப எந்தத் தலைவர் சார் இருந்தாரு?"

"யார் இருந்தா என்னம்மா? இப்ப நான் இருக்கேன்."

வேலிக்கு உள்ளே ஏதோ சரசரத்தது. தலையும் தோளும் கேட்டை நோக்கி நகர்ந்தன. கேட் திறந்தது. அப்பா வெளியே வந்தார். காலை இழுத்துக்கொண்டு, வேலியின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கூனியபடியே வந்தார். தொங்கும் கையை எல்லோரும் பார்த்தார்கள். தோட்டக்காரர் கத்தரியை அணைத்தார்.

"விதி என் இடுப்ப வச்சு எழுதினது. பாத்துக்கங்க."

தலைவர் பார்த்தார். கூனி நின்றவருக்கு வேலி விலா வரைக்கும் வந்தது. "சார், அப்பவும் உயரமாத்தானே இருக்கு?" என்று மெதுவாகத்தான் சொன்னார்.

அப்பா வேலியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் வாய் திறந்தபோது வந்தது அழுகை இல்லை. சிறுவயதில் மைதானத்தில் அவள் கேட்டுக் கேட்டு வெறுத்த, அப்பாவின் அதே அதட்டல்.

"அட்டென்ஷன்! நேரா நில்லுங்க."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். வேலியிலிருந்து கையை எடுத்தார். கால் நடுங்கியது. முதுகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது, தோள் விரிந்தது, தாடை உயர்ந்தது. மருத்துவமனையில் எத்தனையோ பேர் எத்தனையோ முறை கெஞ்சியும் நிமிராத முதுகு அது. வேலி விலாவிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. வயிற்றிலிருந்து பெல்ட்டுக்கு வந்து நின்றது.

"சரியா இருக்கு சார்" என்றார் தலைவர். "நான்தான் தப்பா அளந்திருக்கேன்."

"இருங்க." அப்பா குனியாமலே கண்ணை ஓட்டினார். "அந்த மூலையில ரெண்டு கிளை பெல்ட்டத் தாண்டிருக்கு. வெட்டுப்பா."

தோட்டக்காரர் வெட்டினார். டிரைவரம்மா அழுதுகொண்டே சிரித்தாள். மறைக்கத் தோன்றவில்லை.

"இந்த வாரமே ஒரு டேப் வாங்கிடுறேன் சார்" என்றார் தலைவர்.

"டேப் எதுக்கு? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வரேன்."

தலைவர் தோள் கொடுத்தார். பிடித்துக்கொள்ள வசதியான உயரம்தான். அப்பா அதில் வலது கையை ஊன்றி, இடது காலை இழுத்துக்கொண்டு, தெருவின் நடுவில் நடந்தார்.

"அடுத்தது யார் வீடு?"

பல் டாக்டரம்மா கத்தரிக்கோலைத் தேடி உள்ளே ஓடினார்.