ஓர் எண்ணைத் திருத்தியவள்

ஜோசெட் திருத்தியது ஒரே ஓர் எண்ணைத்தான். தீவின் பேரிடர் அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்த்தவள். அதற்கு முன் ஒரு காகிதத்திலும் பொய் எழுதியதில்லை.

கரீபியன் தீவுகளுக்காக அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட உதவிச் சட்டத்தில் இரண்டு வகை உதவி இருந்தது. கடத்தல்காரர்களை மறிக்க ரோந்துப் படகு. புயலுக்கு ஒதுங்கப் பலமான கட்டடம். அந்த வருஷம் அவர்கள் தீவில் ஒரே ஒரு கட்டடத்துக்குக் கூரை மாற்ற முடியும். எது அதிகப் பலவீனமோ அதற்கே முதலிடம் என்பது விதி. பொறியாளர் போட்ட பலவீன மதிப்பெண்படி அது மீனவர் ஊரான ஆன்ஸ் கொசோவின் தேவாலய மண்டபம். அடுத்தது மலைமேல் பெல் ரோஷ் பள்ளிக்கூடம். பெல் ரோஷில் ஜோசெட்டின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். புயலென்றால் அவளைத் தூக்கிப்போக இருந்த ஒரே இடம் அந்தப் பள்ளிக்கூடம். மண்டபத்துக்குப் போட்டிருந்த ஏழு என்ற எண்ணை ஜோசெட் நான்காக்கினாள்.

செப்டம்பரில் புயல் வந்தது. புதுக் கூரை போட்ட பள்ளிக்கூடத்தில் ஒரு தகடுகூட அசையவில்லை. ஆன்ஸ் கொசோவில் மண்டபத்தின் கூரை பிய்த்துக்கொண்டு போனது. ஒதுங்கியிருந்த பிள்ளைகளுக்குக் கொக்கோ காய்ச்சிக்கொண்டிருந்த ஃபிலோமென் மேல் உத்தரம் விழுந்தது. மீனவர் தியோஃபிலின் மனைவி அவள். அடக்கத்தன்று தியோஃபில், இவ்வளவு வேலைக்கு நடுவில் வந்தாயே என்று ஜோசெட்டின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

மார்ச்சில், சட்டத்தை நீட்டிக்கலாமா என்று பார்க்க வாஷிங்டனிலிருந்து நான்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள் வருவதாக இருந்தது. பெல் ரோஷ் பள்ளியைக் காட்டிப் பேசும் பொறுப்பு ஜோசெட்டுக்கு. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அலுவலக இயக்குநரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். இதையே சாக்காக வைத்து உதவியை நிறுத்தினால் மற்ற தீவுகளின் கூரைகளுக்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அதுவும் அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது.

சாயங்காலம் ஆன்ஸ் கொசோவுக்குப் போனாள். தியோஃபில் முற்றத்தில் தனியாகச் சீமைப்பலா சுட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கிள், உங்க மண்டபம்தான் முதல்ல இருந்துச்சு. நான்தான் மாத்தினேன். அம்மாவுக்காக."

அவர் பலாவைத் திருப்பிப் போட்டார்.

"உங்கம்மா இருக்காளா?"

"ஜனவரியில போயிட்டா."

"ம். புயல்ல போகல."

"இல்ல, அங்கிள்."

"மன்னிப்புக் கேட்டு வந்திருந்தா, அது எங்கிட்ட இல்ல, ஜோசெட். எங்கிட்ட சொல்லிட்டு லேசா வீட்டுக்குப் போயிடலாம்னு பாக்காத. நாளைக்கு வர்றாங்கல்ல, அவங்க முன்னாடி ஃபிலோ பேரைச் சொல்லு."

மறுநாள் அவர்கள் முன்னால் சொன்னாள். இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். உறுப்பினர்களில் ஒரு பெண்மணி, அந்த மதிப்பெண்ணை ஊரார் யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். இல்லை, காட்ட வேண்டும் என்று விதியே கிடையாது என்றாள் ஜோசெட்.

ஒரே வாரத்தில் வேலை போனது. சட்டம் போகவில்லை, ஆகஸ்டில் அதன் நீட்டிப்பு நிறைவேறியது. மதிப்பெண்களை அந்தந்த ஊரில் எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும் என்று ஒரு வரி கூடியிருந்தது. புதுப் பட்டியலில் ஆன்ஸ் கொசோ முதலில் வந்தது.

சித்தியின் ரொட்டிக் கடையில் சேர்ந்திருந்த ஜோசெட், மண்டபத்துக்கு உத்தரம் ஏற்றிய அன்று வேலையாட்களுக்கு ஒரு பை ரொட்டி கொண்டுபோனாள். தியோஃபில் ஏணியிலிருந்து இறங்கி வந்து பையை வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். தான் எடுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்குப் பன்னெண்டு பேருக்குக் கொண்டு வா" என்றார், அவளைப் பார்க்காமலே.

சரி என்று வெறும் பையை மடித்துக்கொண்டு நடந்தாள்.