ஈஸ்வரி மெத்தை அணி

ரூபி முதன்முதலில் கடைக்கு வந்த அன்று, சங்கரேஸ்வரி மெத்தையில் உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டாள்.

"கிரவுண்டுலருந்து நேரா வாரோம்க்கா. மண்ணு ஒட்டிரும்."

கூட வந்திருந்தவர் கடையம் பெண்கள் கபடி அணியின் கோச் நம்பிராஜன். ஜெர்சிக்கும் வண்டிச் செலவுக்கும் ஸ்பான்சர் தேடி இருவரும் தென்காசிக் கடைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் அணிகளை நகைக்கடையும் ஜவுளிக்கடையும் எடுத்துக்கொண்டிருந்தன. பெண்கள் அணியைக் கேட்பார் இல்லை.

சங்கரேஸ்வரிக்குக் கபடி தெரியாது. புருஷன் இறந்த பிறகு மெத்தைக் கடையைத் தனியாக நடத்திவந்தாள். ஊருக்கு வெளியே மூன்று மாடியில் ஒரு ஃபர்னிச்சர் ஷோரூம் திறந்ததிலிருந்து அவள் கடைக்குள் ஈ, காக்கைகூட நுழையவில்லை. கடையின் பெயரை நாலு பேர் வாயால் சொன்னால் போதும் என்றிருந்தது. சரி என்றாள்.

மஞ்சள் ஜெர்சியின் நெஞ்சில் சிவப்பு எழுத்தில் 'ஈஸ்வரி மெத்தைகள்'. பாவூர்சத்திரத்தில் முதல் ஆட்டம். "ஈஸ்வரி மெத்தை ரெய்டு வருது!" என்று மைக் பிடித்தவர் கத்த, கூட்டம் சிரித்தது. ரூபி உள்ளே போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, பிடிக்க வந்தவளின் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள். சிரிப்பு விசிலாக மாறியது. அந்த வீடியோ செல்போன் செல்போனாகச் சுற்றியது. "கபடி டீம் கடை இதானே?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆட்டம் முடிந்து ரூபி கடைக்கு வந்தால், சங்கரேஸ்வரி தன் டிபன்பாக்ஸைத் திறந்து அவளுக்குப் பாதி வைப்பாள்.

ஜூலையில் குற்றாலத்திலிருந்து லாட்ஜ்கார சங்கரபாண்டி அண்ணாச்சி வந்தார். சாரல் சீசனுக்காக லாட்ஜ்காரர்கள் சேர்ந்து கபடிப் போட்டி நடத்தப்போவதாகச் சொன்னார்.

"புது லாட்ஜுல எல்லா ரூமுக்கும் மெத்த ஒங்ககிட்டதாம்மா. ஆனா அந்தப் பிள்ள வெளயாடணும். நோட்டீஸ்ல அவ படத்தத்தான் போட்ருக்கோம்."

போட்டிக்கு முந்தின நாள் நம்பிராஜன் போன் செய்தார். "ரூபிக்கு முட்டி வீங்கியிருக்குக்கா. அடுத்த மாசம் போலீஸ் செலக்சன் வருது. நாளைக்கு அவ வேண்டாம்."

சங்கரேஸ்வரி போனை வைத்தாள். கொஞ்ச நேரம் கடைக்குள்ளேயே நடந்தாள். பிறகு ரூபியைக் கூப்பிட்டாள்.

"ஒரு பாதி மட்டும் எறங்கும்மா. கூட்டத்துக்கு மொகத்தக் காட்டுனா போதும்."



"சரிக்கா," என்றாள் ரூபி.

மறுநாள் சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. ஈரத்துக்காக மைதானத்தில் மரத்தூள் போட்டிருந்தார்கள். ரூபி ஒரு ஆளைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினாள். ஊன்றிய கால் மண்ணிலேயே நின்றுவிட்டது. உடம்பு மட்டும் திரும்பியது. விழுந்தவள் முட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அழவில்லை. மைக்கில் பாட்டுப் போட்டார்கள். குடையோடு எழுந்து நின்ற சங்கரேஸ்வரியிடம் சங்கரபாண்டி அண்ணாச்சி, "அடப்பாவமே," என்றார். ஆம்புலன்ஸ் போன பிறகு, "மெத்தைய திங்கக்கிழம அனுப்பிருங்க," என்றார்.

மூட்டு ஜவ்வு கிழிந்திருந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. செலக்சன் தேதி வந்தபோது ரூபி கடையம் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். சங்கரேஸ்வரி பழங்களோடு போனாள். மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த ரூபியின் அம்மா, நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"நீங்க போன் பண்ணலன்னாலும் நான் எறங்கிருப்பேன்க்கா," என்றாள் ரூபி.

வாசலில் சங்கரேஸ்வரி செருப்பு மாட்டும்போது, அங்கே வந்திருந்த நம்பிராஜன் தணிந்த குரலில் சொன்னார். "முந்தின நாள் சாயங்காலமே என்கிட்ட வரலன்னு சொல்லிட்டா. நீங்க பேசுன பெறகுதான் கெளம்புனா."

கால் ஓரளவு தேறியதும் சங்கரேஸ்வரி அவளைக் கடையிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டாள். முதலில் அவளைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். "நீதானம்மா அது? இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவள் தாங்கித் தாங்கி நடப்பதைக் கடைசிவரை பார்த்துவிட்டுப் போனார்கள். "இப்பப் பரவால்ல," என்று ரூபி எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள்.

மெத்தைக் கம்பெனியின் விற்பனை ரெப்தான் அந்த யோசனையைச் சொன்னான். "மேடம், மூட்டுவலி, முதுகுவலிக்குன்னு ஒரு மெத்த வந்துருக்கு. இவங்க படத்தப் போட்டு ஃபிளெக்ஸ் வச்சா பிச்சுக்கிட்டுப் போகும்."

"வெளிய போப்பா," என்றாள் சங்கரேஸ்வரி.

ரூபிதான் தடுத்தாள். "போடட்டும்க்கா. போன முட்டி போனதுதான. ஏவாரத்துக்காவது ஆவட்டும்."

சங்கரேஸ்வரி இன்னொரு முறை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாளே போட்டோ எடுத்தார்கள். மெத்தையில் ரூபி சாய்ந்திருந்தாள், முட்டியில் பேண்டேஜ், முகத்தில் சிரிப்பு. 'வலியை மறந்தேன்' என்று மேலே எழுதி, குற்றாலம் ரோட்டில் வைத்தார்கள். வியாபாரம் நடந்தது.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. பஸ்ஸில் போகும்போது ஃபிளெக்ஸைப் பார்த்த ரூபியின் அம்மா, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். அவள் அந்தக் கடைக்குள் வருவது அதுதான் முதல் தடவை.

"பிள்ளைக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கோம்மா. முட்டி போன பிள்ளன்னு ஊருக்கே போர்டு வச்சிட்டியளே."

"அம்மா, நாந்தான் போடச் சொன்னேன்," என்றாள் ரூபி.

"நீ சொல்லுவட்டி. இவுகளுக்குத் தெரிய வேண்டாமா?"

சங்கரேஸ்வரி ஏணியோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் ரோட்டுக்குப் போனாள். கயிற்றை அறுத்ததும் ஃபிளெக்ஸ் அவள் தலைமேல் சரிந்தது. திரும்பி வந்தபோது கடையில் ரூபியும் இல்லை, அவள் அம்மாவும் இல்லை. மறுநாளும் ரூபி வரவில்லை. போனை எடுக்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்து சங்கரேஸ்வரி கடையத்துக்குப் போனாள். வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தாள். "திருப்பூருக்குப் போய்ட்டா. பனியன் கம்பெனில உக்காந்து செய்யுத வேல," என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. வெளியே பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் ஒருத்தி, அந்த மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

சங்கரேஸ்வரி தென்காசி பஸ்ஸுக்கு நின்றபோது சங்கரபாண்டி அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். லாட்ஜில் இப்போது புதிதாக எடுத்த மாடி ரூம்களுக்கும் மெத்தை வேண்டுமாம். அதே மாதிரி, அதே விலையில்.

"சரி அண்ணாச்சி. அனுப்புதேன்," என்றாள்.